வலப்பக்கத்து ஆசனம்

பிரயாணிகள் விமானத்தின் முன்னறையில் இரண்டு ஆசனங்கள் உண்டு. இடப்பக்கத்தில் அமர்பவர் கமாண்டர். விமானத்துக்கும் அதிலுள்ள உயிர்களுக்கும் சட்டப்படி பொறுப்பாளி அவரே. வலப்பக்கத்தில் அமர்பவரை ஃபர்ஸ்ட் ஆபீசர் என்றும், பழைய வழக்கப்படி கோ-பைலட் என்றும் சொல்வார்கள். கமாண்டரின் தகுதியைப் பற்றி உலகில் பெரிய சர்ச்சை எதுவும் கிடையாது. பல ஆண்டுகள் பறந்து, பல பரீட்சைகளைக் கடந்து, பலருடைய கண்காணிப்பில் தேர்ந்து வந்தவர்தான் அங்கே உட்காரலாம் என்பதை எல்லாத் தேசங்களும் ஒப்புக்கொண்டுவிட்டன. சர்ச்சையெல்லாம் வலப்பக்கத்து ஆசனத்தைப் பற்றியதுதான். பயிற்சிப் பள்ளியிலிருந்து நேற்று வெளிவந்து, மை மணம் மாறாத லைசென்ஸைக் கையில் வைத்திருக்கும் ஓர் இளைஞனையோ யுவதியையோ, 180 பேரைச் சுமந்துகொண்டு 35,000 அடி உயரத்தில் செல்லும் ஜெட் விமானத்தின் அந்த ஆசனத்தில் அமர்த்துவதற்கு முன்னால் அவரிடம் என்னென்ன எதிர்பார்க்க வேண்டும், அவற்றை எப்படி அளக்க வேண்டும், அளக்கும் கோலை யார் கையில் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியா ஒரு விதமாகவும், அமெரிக்கா வேறு விதமாகவும், ஐரோப்பா இன்னொரு விதமாகவும் விடை சொல்லி வருகின்றன.

இவ்விஷயத்தில் சட்டம் கேட்பது ஒன்று. கம்பெனி கேட்பது மற்றொன்று. நம் நாட்டுச் சட்டம் கேட்பதை முதலில் பார்ப்போம். வணிக விமானி லைசென்ஸுக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பௌதிகமும் கணிதமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். விமானச் சட்டம், வழிகாணல், வானிலை, விமானப் பொறியியல் முதலிய தாள்களில் நூற்றுக்கு 70 மதிப்பெண் வாங்க வேண்டும். இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணியில் 100 மணியாவது விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாயிருக்க வேண்டும். தொலைதூரப் பயணங்களில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், வெவ்வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறியதாக அமைய வேண்டும். இரவுப் பறத்தலுக்கும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

இருநூறு மணி என்று சொல்லும்போது பெரிதாகத்தான் தோன்றுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் எட்டு நாளும் எட்டு மணியும்தான். அந்த எட்டு நாளும் பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற, ஒற்றை எஞ்சின் கொண்ட, நாலு பேர் உட்காரக்கூடிய சிறு விமானத்தில் கழிந்தவை. அதன் முழு எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம்; ஏர்பஸ் 320இன் எடையோ 78 டன்னை எட்டும். செஸ்னா ஆகாயத்தில் நிம்மதியாகப் பறக்கும் வேகத்தைக் காட்டிலும் ஏர்பஸ் தரையைத் தொடுகிற வேகம் அதிகம் என்று சொன்னால் இரண்டுக்கும் உள்ள தூரம் விளங்கும். வீட்டுத் திண்ணையில் ஸரளி வரிசை முடித்த பிள்ளையை மறுநாள் கச்சேரி மேடையில் உட்கார்த்துவதுபோல இது இருக்கிறதே என்று சாமானிய ஜனங்கள் திகைப்பது நியாயமே. மேடையில் பக்கத்திலேயே வித்வான் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இந்த விசாரணையின் மையம்.

தேகத் தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனை. பின்னதை நடத்தும் இடங்களில் கியாதி பெற்றது 1957இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு இன்று விமானப்படை வான்வெளி மருத்துவ நிலையமாக விளங்கும் ஸ்தாபனம். கண்ணாடி போட்டால் விமானியாக முடியாது என்ற பழைய நம்பிக்கை இன்னும் ஊர்ப்புறங்களில் உலவுகிறது. திருத்திக்கொள்ளக்கூடிய பார்வைக் குறை தடையல்ல, நிறக் குருடுதான் பெரும் தடை. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாராப் படங்களைப் பார்த்து எண்ணைச் சொல்ல முடியாமல், வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய கட்டணத்தோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்பே பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள் என்பது இத்துறையிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் புத்திமதி. திருநங்கையரும் திருநம்பியரும் இப்பரிசோதனைக்கு வரும்போது அவர்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு 2022 ஆகஸ்டில்தான் நம் நாட்டில் வழிகாட்டு நெறிகள் பிறந்தன. பௌதிகமும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தலாமா என்ற யோசனையும் 2025இல் பேச்சுக்கு வந்தது. கலையும் வாணிபமும் படித்தவர்கள் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் அவ்விரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறி இந்த வேலியை வெகுகாலமாகத் தாண்டியே வந்திருப்பதால், வேலியை எடுத்துவிட்டாலும் வயலில் பெரிய மாறுதல் ஏற்பட்டுவிடாது என்பது என் அபிப்பிராயம்.

பாஷைத் தகுதியின் கதை வேறு. 1996 நவம்பர் 12ஆம் தேதி மாலை, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊரின் மேலே, டில்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபிய ஜம்போ விமானமும் டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தானத்துச் சரக்கு விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். இறங்கி வந்த விமானம் தனக்கு விதிக்கப்பட்ட உயரத்துக்கும் கீழே சென்றுவிட்டது. கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆங்கில உத்தரவுகள் அந்த விமானிகளுக்குச் சரியாக விளங்கவில்லை என்பது விசாரணையில் அடிபட்ட காரணங்களில் ஒன்று. நமது மண்ணில் சிந்திய அந்த ரத்தமும் வேறு சில விபத்துக்களும் சேர்ந்துதான், சர்வதேச வழிகளில் பறக்கும் விமானிகள் யாவரும் ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் படித் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமம் 2008 மார்ச் முதல் அமலுக்கு வரக் காரணமாயின. இன்று சென்னையிலோ கோவையிலோ ஓர் இளைஞர் பரீட்சகர் முன் அமர்ந்து ஆங்கிலத்தில் தம் ஊரை வர்ணிக்கும்போது, அக்கேள்வியின் பின்னே 349 பேர் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. இதைத் தவிர வானொலித் தொலைபேசிச் சான்று ஒன்றும் வேண்டும். அப்பரீட்சையை வெகுகாலம் தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்தது. விமானிகளின் பேச்சில் அதன் வாய்மொழித் தேர்வுக்கு இருந்த பயங்கரக் கீர்த்தி வேறெந்தத் தேர்வுக்கும் இருந்ததில்லை. 1934ஆம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதீய வாயுயான் சட்டம், 2025 ஜனவரி முதல் அந்த அதிகாரத்தையும் டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் வசம் கொண்டுவந்துவிட்டது.

இவையெல்லாம் வந்ததற்கு முன்னே நிலைமை எப்படி இருந்தது? 1929 பிப்ரவரியில் ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவிலேயே முதல் விமானி லைசென்ஸைப் பெற்றபோது அவருக்கு உத்தியோகம் கொடுக்க ஒரு விமானக் கம்பெனியும் நாட்டில் இல்லை. கம்பெனியை அவரே உண்டாக்க வேண்டியிருந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய் ஜுஹூவுக்குத் தபாலை அவர் ஓட்டிவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வின்சென்ட் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து பழகியவர். உலகெங்கும் அப்போது இதுதான் ஏற்பாடு: ராணுவம் சர்க்கார் செலவில் விமானிகளைச் சமைத்துக் கொடுத்தது, கம்பெனிகள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன. இரண்டாம் யுத்தம் முடிந்து, மிஞ்சிய டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் அனுபவமுள்ள விமானிகளுக்கும் பஞ்சமில்லை. 1949இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு திசையிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. மின்னலையும் மேகத்தையும் இரவில் சந்தித்துப் பழக அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எது? புதிதாக வந்தவன் கற்றுக்கொள்வதற்கு, முன்னறைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் இல்லாத ஒரு நடுப்படி அக்காலத்தில் இருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படியைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச நேரும்.

சட்டத்தில் எழுதப்படாத தகுதிகளும் அக்காலத்தில் இருந்தன. அலகாபாத் பறக்கும் கழகத்தில் பயின்று 1947இல் வணிக லைசென்ஸ் பெற்ற பிரேம் மாத்தூரை எட்டுக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. ஹைதராபாத்திலிருந்த டெக்கான் ஏர்வேஸ் ஒன்பதாவதாக ஏற்றுக்கொண்டது. எந்த நிபந்தனையில் அவர் தவறினார் என்பதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. இன்று இந்திய விமானிகளில் பெண்கள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர். உலகச் சராசரி ஐந்தைச் சுற்றியே நிற்கிறது. இந்தத் துறையில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய புள்ளிகள் சிலவே; இது அவற்றில் ஒன்று.

ராணுவத்திலிருந்து வந்த விமானிகளின் ஊற்று வற்றத் தொடங்கியதும் ஐரோப்பியக் கம்பெனிகள் தாங்களே பள்ளி வைத்தன. லுஃப்தான்ஸா 1956இல் பிரெமனில் தொடங்கியது. பிரிட்டனின் இரு அரசுக் கம்பெனிகளும் சேர்ந்து 1960இல் ஹேம்பிள் என்ற ஊரில் ஒரு கலாசாலை திறந்தன. பறந்த அனுபவமே இல்லாத பையன்களைக் கடும் பரீட்சை வைத்துப் பொறுக்கி, கம்பெனியின் செலவிலேயே பயிற்றி, கம்பெனியின் விமானத்திலேயே அமர்த்துவது அவர்களுடைய முறை. கேடட் முறை என்று இன்று சொல்லப்படுவதன் மூலம் இதுதான். அன்று கம்பெனி பணம் போட்டது. இன்று கேடட்டின் தகப்பனார் போடுகிறார். பெயர் மாறவில்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 2009 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு, நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் கம்பெனியின் சிறிய விமானம் இறங்கும் தறுவாயில் வேகம் குறைந்து, தாங்குசக்தி இழந்து, ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள். வேகம் குறைகிறது என்று கட்டுப்பாட்டுக் கோல் கையிலேயே நடுங்கி எச்சரித்தபோது மூக்கை முன்னுக்குத் தாழ்த்தியிருக்க வேண்டிய கமாண்டர், அதற்கு நேர் விரோதமாகக் கோலைத் தம் பக்கம் இழுத்தார். விசாரணையில் வெளிவந்த செய்திகள் ஜனங்களைக் கலக்கின: கமாண்டர் முந்தைய பரீட்சைகள் பலவற்றில் தவறியவர், அவற்றில் சில கம்பெனிக்கே தெரியாது, சொற்பச் சம்பளம் வாங்கிவந்த கோ-பைலட் பெண்மணி, நாட்டின் மறுகோடியிலுள்ள சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். மாண்டவர்களின் குடும்பத்தார் தலைநகரில் விடாது முறையிட்டதன் பயனாக 2010இல் ஒரு சட்டமும், அதைத் தொடர்ந்து 2013இல் விதியும் பிறந்தன. அதுவரை 250 மணியோடு கோ-பைலட்டாகச் சேர முடிந்த நாட்டில் அதன்பின் 1,500 மணி வேண்டியதாயிற்று. ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானக் கல்வியில் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000, இரண்டாண்டுப் படிப்பு முடித்தவர்களுக்கு 1,250 என்று சலுகைகளும் வைத்தார்கள்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. கோல்கன் விமானத்தின் கமாண்டர் 3,300 மணிக்கு மேலும், கோ-பைலட் 2,200 மணிக்கு மேலும் பறந்தவர்கள். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரையும் அது தடுத்திருக்காது. நோய் ஒன்று, மருந்து வேறு என்று அவ்விதியை எதிர்ப்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். சிற்றூர்களுக்குப் பறக்கும் கம்பெனிகள் விமானிகள் கிடைக்காமல் வழித்தடங்களை விடுகின்றன என்றும் அவர்கள் முறையிடுகிறார்கள். ரிபப்ளிக் ஏர்வேஸ் என்ற கம்பெனி தன் பள்ளி மாணவர்களுக்கு 750 மணி போதும் என்று விலக்குக் கேட்டபோது 2022இல் அரசு மறுத்துவிட்டது. மறுபக்கத்தில், 2009 ஜனவரியில் இரண்டு எஞ்சினும் அணைந்த ஏர்பஸ்ஸை ஹட்ஸன் நதியில் இறக்கி அத்தனை பேரையும் காப்பாற்றிய கமாண்டர் ஸல்லன்பர்கர் போன்றோர், அந்த வரம்பைக் குறைக்கவே கூடாது என்று வாதாடி வருகிறார்கள். கைதேர்ந்த ஒரு விமானி வாதாடும்போது கேட்கத்தான் வேண்டும்.

என் மனத்துக்குப் படுவது என்னவென்றால், அமெரிக்கர் கேட்கும் 1,500 மணியின் பெறுமானம் அந்த எண்ணில் இல்லை. அந்த மணிகள் கழியும் இடத்தில் இருக்கிறது. அங்கே 250 மணி முடித்த இளைஞன் பறக்கும் பள்ளியில் ஆசிரியனாகிறான். வயலுக்கு மருந்து தெளிக்கிறான். விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு கடற்கரை ஓரமாகப் பறக்கிறான். சிறு விமானத்தில் பார்சல் கொண்டுபோகிறான். நம் நாகபுரித் தபால் விமானங்களில் இருந்த அந்த நடுப்படி அமெரிக்காவில் இன்றும் அகலமாக இருக்கிறது. ஒரு மாணவன் செய்யப்போகும் தவறை அவன் செய்வதற்கு அரை விநாடி முன்னரே கண்டு கையை நீட்டுகிற ஆசிரியனுக்கு, எந்தப் பாடப்புத்தகமும் கற்றுக்கொடாத ஒரு விவேகம் சித்திக்கிறது. இந்தியாவிலோ அந்தப் படியே உடைந்துபோய்விட்டது. ஆசிரியர் வேலைகள் சில உண்டு, வாடகை விமானங்கள் சில உண்டு, அதற்குமேல் இல்லை. 1,500 மணி வேண்டும் என்று நாளையே இங்கே விதி செய்தால், அந்த மணிகளை எங்கே போய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்கு விதி செய்பவரால் விடை சொல்ல முடியாது. 'கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்' என்ற கதையாகிவிடும்.

ஐரோப்பியர் நடுப்படியை நம்பவில்லை. பள்ளியையே நீட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். பதின்மூன்று பதினான்கு தாள் எழுத்துப் பரீட்சை, இருவர் சேர்ந்து ஒரு முன்னறையை நடத்தும் முறையில் தனிப் பயிற்சி, இவற்றோடு 2019 இறுதி முதல், நிலைகுலைந்த விமானத்தை மீட்டெடுக்கும் பயிற்சியும் கட்டாயம். 2009 ஜூன் 1ஆம் தேதி அட்லாண்டிக்கில் 228 பேரோடு மூழ்கிய ஏர் பிரான்ஸ் விமானம் அந்தக் கடைசிப் பயிற்சிக்கு ஒரு முக்கியக் காரணம். ஆயிரக்கணக்கான மணி பறந்த விமானிகள் மூவர் அதில் இருந்தும், தாங்குசக்தி இழந்த விமானத்தின் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக உயர்த்தியே பிடித்திருந்தார்கள். கோல்கனில் நேர்ந்த அதே பிழை. அமெரிக்கர் அதிலிருந்து மணிக்கணக்கையும், ஐரோப்பியர் பாடத்திட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், பலர் சேர்ந்து ஓட்டும் விமானத்துக்கென்றே தனி லைசென்ஸ் ஒன்றைச் சர்வதேச அமைப்பு 2006இல் ஏற்படுத்தியது. எம்.பி.எல். எனப்படும் அதற்கு 240 மணி போதும். அதிலும் பெரும்பகுதி சிமுலேட்டரிலேயே கழியலாம். தொடக்கத்திலிருந்தே ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் முறைகளில் மாணவன் வார்க்கப்படுவதால் கழிவு குறைவு. ஆனால் வார்ப்பு ஒன்றுக்கே பொருந்துவது என்பதால் அபாயமும் உண்டு. முதன்முதலாக இந்த லைசென்ஸ் பெற்ற டென்மார்க் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்ட ஸ்டெர்லிங் என்ற கம்பெனி 2008ஆம் ஆண்டின் அக்டோபரில் திவாலாயிற்று. அந்தப் பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மணியும் பாடத்திட்டமும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. 2015 மார்ச் 24ஆம் தேதி ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் கோ-பைலட், கமாண்டர் வெளியே சென்றிருந்த சமயம் கதவைப் பூட்டிக்கொண்டு, 150 பேரோடு ஆல்ப்ஸ் மலையில் மோதினான். அவன் பயின்றது பிரெமனிலுள்ள அதே புகழ்பெற்ற பள்ளியில். இடையில் மனச்சோர்வு கண்டு பயிற்சியை நிறுத்தித் திரும்பி வந்தவன். பல்லாயிரம் பேரில் சிலரைப் பொறுக்கும் சல்லடையால் இதைப் பிடிக்க முடியவில்லை. அதன்பின் ஐரோப்பாவில், வேலையில் அமர்த்துவதற்கு முன் விமானியின் மனநிலையை மதிப்பிடுவது கட்டாயமாயிற்று. இதில் தர்மசங்கடம் என்னவென்றால், உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று அஞ்சுகிறவன் உண்மையைச் சொல்லமாட்டான். பரிசோதனை கடுமையாக ஆக ஆக, மறைப்பதும் சாமர்த்தியமாகிக்கொண்டே போகும்.

நம் கம்பெனிகளின் வாசலுக்கு இப்போது திரும்புவோம். சட்டம் கேட்ட யாவும் கையில் இருக்கும் இளைஞருக்கு அங்கே முதலில் எழுத்துத் தேர்வு. அடுத்து கம்ப்யூட்டர் தேர்வு: இடக்கையால் ஒரு புள்ளியை வட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டே வலக்கையால் வேறொன்றைச் சமன்செய்து, இதற்கிடையில் காதில் விழும் எண்களையும் கூட்டிச் சொல்ல வேண்டும். பிறகு நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கொண்ட சுபாவத் தேர்வு. பின்பு குழுவாக உட்கார வைத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வது. முடிவில் சிமுலேட்டரும் நேர்காணலும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைக் கேலி செய்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். எனினும் அந்தக் குழுத் தேர்வை நான் குறைவாக மதிக்கவில்லை. கமாண்டர் தவறு செய்கிறார் என்று தெரிந்தால் மரியாதை குறையாமலும் தயக்கமில்லாமலும் அதைச் சொல்லக்கூடியவரா என்பதே வலப்பக்கத்து ஆசனத்தின் உயிர்நிலையான லக்ஷணம். பெரியவர்கள் முன் வாய் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, வாய் திறப்பதே ஒரு தனிப் பயிற்சியாகக் கற்பிக்கப்பட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை எந்த விளம்பரத்திலும் அச்சாவதில்லை. அது பணம். லைசென்ஸ் வாங்கப் பயிற்சிச் செலவு பல பத்து லட்சங்கள். குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்கு மேலும் சில பத்து லட்சம். கம்பெனிகளின் பெயரில் நடக்கும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைச் சாதாரணமாகத் தொடுகின்றன. டைப் ரேட்டிங் உள்ளவர்களையே எடுப்போம் என்று கம்பெனிகள் சொல்லும் காலத்தில், எந்தக் கம்பெனி எந்த ரக விமானத்துக்கு ஆள் எடுக்கும் என்று ஊகித்துச் சொந்தச் செலவில் அதைப் படித்துவிட்டு, ஊகம் தவறினால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேலை கிடைத்தாலும் ஒப்பந்தக் கட்டு உண்டு. விலகுவதானால் கோ-பைலட் ஆறு மாதமும் கமாண்டர் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017இல் டி.ஜி.சி.ஏ. விதித்தது. சர்க்கார் நடத்தும் ஃபர்சத்கஞ்ச் அகாடமி நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கிறது என்றாலும் அங்கும் கட்டணம் சாமானியமானதல்ல. தேறுபவர்களில் பெரும்பாலோர் தகுதியுள்ளவர்களே; ஆனால் தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் வாசலுக்கே வரவில்லை என்பதை எந்தச் சல்லடையும் காட்டாது. ஹேம்பிளில் ஒரு காலத்தில் கம்பெனி ஏற்ற நஷ்ட அபாயம் இன்று ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த அபாயம் கற்பனையல்ல. 2003க்குப் பின் மலிவுக் கட்டணக் கம்பெனிகள் முளைத்த உற்சாகத்தில் பள்ளிகளுக்கு ஓடிய இளைஞர்கள் லைசென்ஸோடு திரும்பியபோது சந்தை படுத்துவிட்டது; 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி நின்றதும், அனுபவமுள்ள விமானிகளே வரிசையில் நின்றார்கள். விமானியின் தகுதி வக்கீலின் பட்டத்தைப் போல் சுவரில் மாட்டி வைக்கக்கூடியது அல்ல; அது நாள்தோறும் உளுத்துக்கொண்டே போவது. தேகப் பரிசோதனை வருஷா வருஷம். கருவிப் பறத்தல் தகுதி வருஷா வருஷம். அண்மையில் பறந்த மணிகள் வேண்டும். லைசென்ஸின் ஆயுளை ஐந்திலிருந்து பத்தாண்டாக 2023இல் நீட்டினார்களே ஒழிய இச்செலவுகளை நிறுத்தவில்லை. அதே 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவ்வருஷம் 1,600க்கு மேற்பட்ட வணிக லைசென்ஸ்கள் வழங்கப்பட்டன. ஆனால் கம்பெனிகள் தேடியது பெரும்பாலும் கமாண்டர்களை. நாட்டில் விமானிப் பஞ்சம் என்று பத்திரிகைகள் எழுதுவதும், லைசென்ஸ் வைத்திருப்பவர் வேலைக்கு அலைவதும் ஒரே சமயத்தில் உண்மையாயிருப்பதன் ரகசியம் இதுதான்.

எண்ணிக்கையின் மேல் இவ்வளவு பாரத்தைச் சுமத்தினால் எண்ணிக்கையே கள்ளமாகிவிடும். 2011இல், போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உயர்நிலை லைசென்ஸ் வாங்கியிருந்த விமானிகள் சிலர் பிடிபட்டார்கள். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த பயிற்சிப் பள்ளிகளைப் பற்றியும் அப்போது குற்றச்சாட்டுகள் எழுந்தன. விமானிகள் இவ்வித மணிகளைப் பார்க்கர் பேனாவில் பறந்த மணிகள் என்று பரிகாசமாகச் சொல்வதுண்டு. பறந்த மணிகளைக் கேட்பதைவிட அந்த மணிகளில் என்ன நேர்ந்தது என்று கேட்பது கடினம். ஆகையால் எல்லாரும் சுலபமானதையே கேட்கிறார்கள்.

கடினமானதைக் கேட்கும் ஒரு கட்டம் இல்லாமலில்லை. வேலையில் சேர்ந்து, சிமுலேட்டர் முடித்து, பிரயாணிகள் இல்லாத விமானத்தில் ஏறி இறங்கிப் பழகியபின், புதியவர் பயிற்சிக் கமாண்டருக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்மையான வழித்தடத்தில் பறக்கத் தொடங்குகிறார். முதல் சில பயணங்களில் பின்னாலுள்ள சிறு ஆசனத்தில் இன்னொரு விமானியும் காவலாக இருப்பார். சென்னையின் நவம்பர் மழையும், மதுரையின் பிற்பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் காற்றும், டில்லியின் ஜனவரிப் பனியும் அப்போதுதான் பாடமாக வருகின்றன. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பயிற்சிக் கமாண்டர் ஒரு கோப்பில் தம் கைப்பட நாலு வரி எழுதுகிறார். இத்தனை தகுதிகளிலும் எண்ணால் சொல்லாமல் வார்த்தையால் சொல்லப்படும் காகிதம் அநேகமாக அது ஒன்றுதான். வேகம் சற்றுக் கூடியது, வானொலியில் அவசரப்பட்டார், ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு விலகினார் என்று பல பக்கங்கள் போகும். பிறகு ஒருநாள், இறங்கும் தறுவாயில் காற்றுத் திசை மாறியதைக் கண்டு, இறங்க வேண்டாம், மேலெழுந்து மறுபடி சுற்றி வருவோம் என்று தாமாகவே சொன்னார் என்று ஒரு வரி வரும். அந்த வரியை எழுதுகிற கமாண்டர், அதையே சொல்லத் தாம் வாயெடுத்ததையும் சேர்த்து எழுதுவதில்லை.